சீட் மாற்றியபின் அணையாத ஏர்பேக் விளக்கு: ஐந்து வழிகள், எது யாருக்கு?

பழைய சீட்டைக் கழற்றி வேறு சீட் போட்டாயிற்று, நாலு போல்ட்டையும் இறுக்கியாயிற்று, உட்கார்ந்து பார்த்தால் சுகமாகத்தான் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு மனிதர், முகத்துக்கு முன்னால் ஒரு பந்தோடு, எரிந்துகொண்டே இருக்கிறார். ஆறு நொடி, பத்து நொடி, ஒரு நிமிடம். போக மாட்டேன் என்கிறார்.

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடுமா, காரின் கணினியில் பதிவான பழுதைப் படித்து அழிக்கும் ஸ்கேனர் வாங்க வேண்டுமா, வெளி மெக்கானிக் போதுமா, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போய்விடலாமா, இல்லை ஒரு ரெசிஸ்டர் போட்டால் முடிந்தது என்கிறார்களே, அது என்ன? ஐந்து வழியுமே ஏதோ ஒரு காரில் யாரோ ஒருவருக்கு விளக்கை அணைத்திருக்கின்றன. குழப்பமே அதனால்தான் வருகிறது. விளக்கு அணைவது வேறு, ஏர்பேக் வேலை செய்வது வேறு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

## விளக்கு ஏன் எரிகிறது

ஏர்பேக்கின் மூளையான கன்ட்ரோல் மாட்யூல் பெரும்பாலான கார்களில் கியர் லீவருக்குப் பக்கத்தில், நடுக் கன்சோலுக்கு அடியில் தரையோடு போல்ட் போடப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் அது ஒவ்வொரு ஏர்பேக்குக்கும் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனருக்கும், வெடிக்க வைக்காத அளவு மிகச் சின்ன மின்சாரம் அனுப்பி மின்தடையை அளந்து பார்க்கிறது. இவற்றை வெடிக்க வைக்கும் சின்னத் தூண்டி ஒவ்வொன்றின் தடையும் வழக்கமாக 2 ஓம் பக்கத்தில் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் ஆறேழு நொடியில் விளக்கு அணையும்.

சீட்டுக்குள் இதில் பங்குள்ள சாமான்கள் பலர் நினைப்பதைவிட அதிகம். சாய்மானத்தின் கதவுப் பக்க ஓரத்தில் சைடு ஏர்பேக், சில கார்களில் பக்கிளோடு சேர்ந்த டென்ஷனர், பெல்ட் போட்டாயிற்றா என்று சொல்லும் ஸ்விட்ச், சீட் எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறது என்று சொல்லும் சென்சார், முன்பயணி சீட் என்றால் ஆள் இருக்கிறாரா, எடை எவ்வளவு என்று பார்க்கும் சென்சார் வேறு. சீட் வெளியே கிடக்கும்போது ஒரே ஒருமுறை சாவியைத் திருப்பினால் போதும், மாட்யூல் "இணைப்பு இல்லை" என்று ஒரு கோடு (code, பழுதின் குறியீடு) எழுதிவைத்துக்கொள்ளும்.

நான் மாட்டியது அப்படித்தான். பேட்டரியை முறைப்படி கழற்றிவிட்டுத்தான் சீட்டை வெளியே எடுத்தேன், ஆனால் கண்ணாடி இறங்கியிருந்தது, தூறல் போட ஆரம்பித்தது. கண்ணாடியை ஏற்றிவிடலாம் என்று பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். பத்து நொடி வேலை. அதற்கு அப்புறம் மூன்று நாள் அந்த விளக்கோடு ஓட்டினேன்.

ஆக, எரிகிற விளக்குக்குப் பின்னால் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று, பழுது தீர்ந்துவிட்டது, அதன் நினைவு மட்டும் மாட்யூலில் இருக்கிறது. இரண்டாவது, பழுது இன்னும் அப்படியே இருக்கிறது. சில கார்களில் பழுது தீர்ந்ததும் விளக்கு தானாக அணைந்து கோடு மட்டும் வரலாற்றில் தங்கும், சிலவற்றில் யாராவது வந்து அழிக்கிறவரை விளக்கு எரிந்தே தீரும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டில் எது உங்களுடையது என்று அது சொல்கிறதா என்பதுதான் முதல் உரைகல்.

மற்றவை: வேலை முடிந்தபின் ஏர்பேக் உண்மையிலேயே வேலை செய்யுமா, மாற்றியது ஓட்டுநர் சீட்டா, எடை பார்க்கும் பயணி சீட்டா, அதே மாடல் அதே வகைச் சீட்டா, வேறு வகையிலிருந்து வந்ததா, பணம், நேரம், அப்புறம் நாளைக்கு வண்டியை விற்கும்போதோ தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகும்போதோ இது பல்லிளிக்குமா.

## எந்த வழியானாலும் முதலில் சீட்டுக்கு அடியில்

இதைச் செய்யாமல் பணம் செலவழிக்காதீர்கள். இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் விபத்தில் பேட்டரி அறுந்துபோனாலும் ஏர்பேக் வெடிக்கட்டும் என்று மாட்யூலுக்குள் ஒரு கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. சில கார் கையேடுகள் 90 நொடி என்கின்றன, சில 3 நிமிடம். பத்து நிமிடம் விட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

பிறகு டார்ச்சோடு கீழே படுத்து மஞ்சள் நிறக் கனெக்டர்களைத் தேடுங்கள். ஏர்பேக் வயர்களுக்கு மஞ்சள் என்பது ஏறக்குறைய எல்லாத் தயாரிப்பாளர்களும் பின்பற்றும் வழக்கம். இந்தக் கனெக்டர்களில் பெரும்பாலும் இரண்டு பூட்டு இருக்கும்: உடல் ஒன்றுக்குள் ஒன்று போய் ஒரு "டிக்", அதற்குமேல் ஒரு குட்டித் தாழ்ப்பாளைத் தள்ளினால் இன்னொரு "டிக்". என் காரில் முதல் டிக் கேட்டிருந்தது, இரண்டாவது கேட்கவில்லை. பார்த்தால் முழுதாகப் போனது மாதிரியே இருந்தது, விரலால் அழுத்தியபோதுதான் ஒரு நெல்மணி அளவு இடைவெளி தெரிந்தது. அந்த இடைவெளி ஏன் பெரிய விஷயமென்றால், கனெக்டர் கழன்றிருக்கும்போது நிலைமின்சாரத்தால் ஏர்பேக் வெடித்துவிடாமலிருக்க இரு பின்களையும் ஒன்றோடொன்று சேர்த்துவைக்கும் ஒரு சின்னத் தகடு உள்ளே இருக்கிறது. கனெக்டர் முழுதாக உட்கார்ந்தால்தான் அது விலகும். பாதியில் நின்றால் மாட்யூலுக்கு "தடை மிகக் குறைவு" என்று தெரியும், நீங்கள் சீட்டைக் கழற்றி உள்ளே ஷார்ட் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சீட்டை முழுதாக முன்னும் பின்னும் நகர்த்தி, வயர் எங்காவது இழுபடுகிறதா, தண்டவாளத்தில் நசுங்குகிறதா என்றும் பாருங்கள். மல்டிமீட்டரை மட்டும் ஏர்பேக்கின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தடையை அளக்க மீட்டர் அனுப்பும் மின்சாரமே தூண்டியை எழுப்பிவிடக் கூடும்.

காயலான்கடையில் வாங்கிய சீட் என்றால் இன்னொன்று. பக்கிளை மற்றப் பக்கத்து பக்கிளோடு வைத்துப் பாருங்கள். கழுத்து சுருங்கி ஒரு பக்கிள் தாழ்ந்து நின்றால் அதன் டென்ஷனர் ஏதோ ஒரு விபத்தில் ஏற்கெனவே வெடித்துவிட்டது. அதற்கு எந்த ஸ்கேனராலும் உயிர் கொடுக்க முடியாது, பக்கிளைத்தான் மாற்ற வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | பழுதா, நினைவா என்று சொல்லுமா | பணம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| பேட்டரி, சாவி, கம்பி வித்தை | சொல்லாது | எதுவும் இல்லை | நேரம், தவறான பின்னைத் தொடும் ஆபத்து | பழைய கார், அதே சீட் திரும்ப வந்தது |
| சொந்த ஸ்கேனர் | சொல்லும் | நடுத்தரம், ஒருமுறை | ஏர்பேக்கைப் படிக்காத கருவியை வாங்கிவிடுவது | கையால் வேலை செய்கிறவர்கள் |
| வெளி ஒர்க்‌ஷாப் | கேட்டால் சொல்லும் | குறைவு | படிக்காமலே அழித்துவிடுவது | நினைவு மட்டும் மிச்சம் இருப்பவர்கள் |
| கம்பெனி சர்வீஸ் சென்டர் | சொல்லும் | அதிகம் | பழைய பாகத்தைத் தொட மறுப்பு | பயணி சீட், வேறு வகைச் சீட், வாரண்டி |
| ரெசிஸ்டர் | பொய் சொல்லும் | மிகக் குறைவு | ஏர்பேக்கே | ரேஸ் டிராக் கார் மட்டும் |

## 1. பேட்டரி, சாவி, கம்பி

பேட்டரியை இரவு முழுக்கக் கழற்றிவைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று எல்லா ஊரிலும் ஒருவர் சொல்லுவார். இன்ஜின் விளக்குக்கு அது பலித்ததுண்டு. ஏர்பேக் மாட்யூல் கோடுகளை மின்சாரம் போனாலும் அழியாத மெமரியில் எழுதுகிறது, அதனால் காலையில் எழுந்து மாட்டினால் அதே சிவப்பு மனிதர். உபரியாக ரேடியோ, கடிகாரம், பவர் விண்டோ செட்டிங் எல்லாம் போயிருக்கும். பேட்டரி பலவீனமாக இருந்து மின்னழுத்தம் குறைந்ததாலேயே விளக்கு வருவதும் உண்டு என்பதால், பேட்டரியை நன்றாக சார்ஜ் செய்து பார்ப்பது மட்டும் வீண்போகாது.

சில பழைய கார்களில் தயாரிப்பாளர்களே ஸ்கேனர் இல்லாமல் அழிக்க வழி வைத்திருந்தார்கள். பல நிசான்களில் சாவியை நேரம் பார்த்துப் பார்த்து சில தடவை திருப்ப வேண்டும், விளக்கு அணைந்த அந்த நொடியிலேயே சாவியை அணைப்பதில்தான் சூட்சுமம். பழைய ஹோண்டாக்களில் எம்.இ.எஸ். என்று இரண்டு பின் உள்ள ஒரு கனெக்டர் உண்டு, பழைய டொயோட்டாக்களில் ஓ.பி.டி. சாக்கெட்டின் (ஸ்கேனரைச் செருகும் இடம்) குறிப்பிட்ட பின்களைக் கம்பியால் இணைக்க வேண்டும். உங்கள் மாடலுக்கு, உங்கள் வருடத்துக்கு உரிய முறை ஒர்க்‌ஷாப் கையேட்டில் இருந்தால் செய்யுங்கள். குத்துமதிப்பாகப் பேப்பர் கிளிப்பை எடுத்துக்கொண்டு சாக்கெட்டுக்குள் போகாதீர்கள். அதன் 16ஆம் பின்னில் சாவி அணைந்திருந்தாலும் 12 வோல்ட் நிற்கிறது, அது தவறான இடத்தில் பட்டால் ஏர்பேக் விளக்கு உங்கள் கவலைகளில் மிகச் சின்னதாகிவிடும்.

துணி மாற்ற சீட்டைக் கழற்றி அதே சீட்டைத் திரும்ப மாட்டியவர்களுக்கு, கார் பழையது என்றால், இது நல்ல தொடக்கம். மற்றவர்களுக்கு இல்லை.

## 2. சொந்த ஸ்கேனர்

என் ஓட்டு இதற்குத்தான், ஒரு எச்சரிக்கையோடு. ஓ.பி.டி. ஸ்கேனர் என்று விற்பதில் மலிவானவை பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை மட்டும் படிக்கும், ஏனென்றால் எல்லாக் காருக்கும் பொதுவாகச் சட்டப்படி கட்டாயமானது புகை சம்பந்தப்பட்ட இன்ஜின் விவரங்கள்தான். ஏர்பேக் மாட்யூலோடு பேசுவது ஒவ்வொரு தயாரிப்பாளரின் சொந்த பாஷை. கோடுகளின் முதல் எழுத்திலேயே வித்தியாசம் தெரியும்: இன்ஜின் பக்கமான பவர்டிரெயினுக்கு ஒரு "பி" (P), பாடிக்கு ஒரு "பி" (B). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, ஸ்கேனருக்கு அப்படி இல்லை, ஏர்பேக் கோடுகள் இரண்டாவதில் வரும். எனவே பெட்டியில் எஸ்.ஆர்.எஸ். (ஏர்பேக் அமைப்பின் சுருக்கப் பெயர்) என்று தனியாகப் போட்டிருக்கிறதா, உங்கள் கார் மாடலும் வருடமும் அதன் பட்டியலில் உண்டா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களுக்கு வி.சி.டி.எஸ்., ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன் என்று அந்தந்த பிராண்டுக்கே உரியவை ஆழமாகப் போகும்.

இதன் பெருமை என்னவென்றால் அழிப்பதற்கு முன் படிக்கலாம். எந்தப் பக்கம், எந்தச் சுற்று, தடை அதிகமா குறைவா, கோடு இப்போது உயிரோடு இருக்கிறதா பழைய கதையா என்று திரையில் வரும். தடை அதிகம் என்றால் பெரும்பாலும் கனெக்டர் கழன்றிருக்கிறது, வயர் அறுந்திருக்கிறது, அல்லது ஏர்பேக்கே வெடித்து முடிந்தது. தடை குறைவு என்றால் பாதி மாட்டிய கனெக்டர் அல்லது நசுங்கிய வயர். எனக்கு ஒரு நண்பரின் ஸ்கேனர் "பயணி பக்க சைடு ஏர்பேக், தடை குறைவு" என்று காட்டியபிறகுதான் அந்த நெல்மணி இடைவெளியைப் போய்த் தேடினேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை அதே கனெக்டரைப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று எழுந்து வந்திருக்கிறேன்.

அழித்த அடுத்த நொடியே கோடு திரும்பி வந்தால் அழிப்பதை நிறுத்துங்கள். அது நினைவு இல்லை, பழுது. பத்துத் தடவை அழித்தாலும் பதினோராவது தடவையும் வரும்.

வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஒரு தடவை வேலைக்கு இரவல் போதும்.

## 3. வெளி ஒர்க்‌ஷாப்

நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்குக்கு இது பதினைந்து நிமிட வேலை. கனெக்டரை நீங்களே பார்த்துவிட்டீர்கள், பழுது தீர்ந்துவிட்டது என்று தோன்றுகிறது, கோட்டை மட்டும் அழிக்க வேண்டும் என்றால் இதைவிடச் சிக்கனம் கிடையாது.

ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: அழிப்பதற்கு முன் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளவேண்டும். பலர் அவசரத்தில் படிக்காமலே "கிளியர்" அழுத்திவிடுவார்கள், விளக்கு அணையும், நீங்களும் காசு கொடுத்துவிட்டு வருவீர்கள், முதல் பெரிய பள்ளத்தில் திரும்ப எரியும், என்ன கோடு என்று இரண்டு பேருக்குமே தெரியாது. சீட் துணி தைக்கும் கடைக்காரரே "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றால் அவரிடம் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். சைடு ஏர்பேக் கிழித்துக்கொண்டு வரவேண்டிய தையல் ஓரத்தை மூடி முழு உறை போடுகிறவர்களும் உண்டு. அதற்கு விளக்குகூட எரியாது.

## 4. கம்பெனி சர்வீஸ் சென்டர்

விலை அதிகம், காத்திருப்பு அதிகம், "முழு சீட் வயரிங்கையும் மாற்றணும் சார்" என்ற வசனமும் கேட்க நேரலாம். வேறு காரிலிருந்து எடுத்த ஏர்பேக் உள்ள சீட்டைத் தொடவே மாட்டோம் என்று திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு, அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது, அதன் வரலாறு அவர்களுக்குத் தெரியாது.

ஆனாலும் மூன்று சந்தர்ப்பத்தில் வேறு எங்கும் போகாதீர்கள்.

முதலாவது, எடை பார்க்கும் பயணி சீட்டை மாற்றியிருந்தால். உட்கார்ந்திருப்பது பெரியவரா குழந்தையா வெறும் சீட்டா என்பதைப் பொறுத்து முன் ஏர்பேக்கை வெடிக்க வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் சென்சார் அது. சீட் மாறினால் அதற்குப் புதிதாகப் "பூஜ்ஜியம்" சொல்லிக்கொடுக்க வேண்டும்: சீட்டின்மேல் ஒன்றும் இல்லாமல், வண்டி சமதரையில் நிற்க, ஸ்கேனர் வழியாக. சில வகைகளில் குஷன் நுரையும் சென்சாரும் அதன் கணினியும் ஒரே செட்டாகத் தொழிற்சாலையில் அளவுபார்த்து வருகின்றன, நுரையை மட்டும் மாற்றினால்கூடக் கணக்கு தப்பும். விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காக இந்தக் கணக்கு சரியாகிவிடாது. நல்ல ஸ்கேனர்கள் சிலவற்றில் இந்த வசதி உண்டு, ஆனால் உங்கள் ஸ்கேனரில் உண்டு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

இரண்டாவது, சைடு ஏர்பேக் இல்லாத காரில் அது உள்ள சீட்டைப் போட்டால், அல்லது எதிர்ப்புறமாக. காரில் என்னென்ன ஏர்பேக் உண்டு என்பது மாட்யூலின் கட்டமைப்பிலேயே எழுதியிருக்கிறது. அதில் இல்லாத ஏர்பேக்கை அது வெடிக்க வைக்காது, அதில் இருக்கிற ஏர்பேக் காணோம் என்றால் விளக்கை எரிய வைக்கும். மாட்யூலை மாற்றி எழுதுவது சில பிராண்டுகளில் முடியும், சிலவற்றில் முடியாது. என்னைக் கேட்டால், சீட் வாங்கும் முன்பே சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டர்களைப் போட்டோ எடுத்துப் போய் ஒப்பிட்டிருந்தால் இந்தப் பஞ்சாயத்தே வந்திருக்காது.

மூன்றாவது, வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் கார்.

## 5. ரெசிஸ்டர்

தடை 2 ஓம் பக்கம் இருக்கிறதா என்று மட்டும்தானே மாட்யூல் பார்க்கிறது, ஏர்பேக்குக்குப் பதிலாக அதே அளவு ரெசிஸ்டரைச் செருகிவிட்டால் திருப்தியாகிவிடும். உண்மைதான், விளக்கும் அணையும். விபத்தில் மாட்யூல் அந்த ரெசிஸ்டருக்கு மின்சாரம் அனுப்பும், ரெசிஸ்டர் சூடாகும். அவ்வளவுதான்.

இதற்கு ஒரு நியாயமான வாதம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். பல கார்களில் விளக்கு எரிந்தால் அந்த ஒரு ஏர்பேக் மட்டுமல்ல, மொத்த அமைப்பும் முடங்கிவிடும், பெல்ட் டென்ஷனர்கள் உட்பட. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் காரில் சைடு ஏர்பேக் இல்லாத பக்கெட் சீட் போட்டவர், மற்றவை உயிரோடு இருக்கட்டும் என்று ரெசிஸ்டர் போடுகிறார். அது தெரிந்து எடுக்கும் முடிவு. குடும்பத்தோடு ரோட்டில் போகும் காரில் சீட்டுக்குள் ஏர்பேக் இருக்க, கனெக்டர் கோளாறைத் தேடச் சோம்பல்பட்டு இதைச் செய்வது வேறு. பயணி சீட்டின் சென்சாருக்குப் பதிலாக "எப்போதும் ஆள் இருக்கிறார்" என்று சொல்லும் போலிக் கருவிகளும் விற்கின்றன. அதைப் போட்ட சீட்டில் ஒரு குழந்தை இருக்கையை வைத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் ஏர்பேக்கை இப்படி முடக்க ஒர்க்‌ஷாப்களுக்குச் சட்டப்படி தடை உண்டு.

இதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது, டேஷ்போர்டில் பல்பையே பிடுங்கிவிடுவது, அல்லது அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டுவது. நீங்கள் செய்ய மாட்டீர்கள், ஆனால் உங்களுக்குப் பழைய கார் விற்கிறவர் செய்திருக்கலாம். சீட் மாற்றிய காரைப் பார்க்கப் போனால் சாவியைத் திருப்பி அந்தச் சிவப்பு மனிதரைத் தேடுங்கள். ஆறேழு நொடி எரிந்து அணைந்தால் சரி, பேச்சைத் தொடரலாம். எரியவே இல்லையென்றால், எரிந்துகொண்டே இருப்பதைவிட அதற்கு அதிகம் பயப்படுங்கள்.